பெண்கள் பக்கத்துக் கமராக்காரி

பலாபத்வலையிலிருந்து தம்புள்ளை வரைக்கும் எந்த முஸ்லிம் வீட்டில் கலியாணம் என்றாலும், பெண்கள் பக்கத்து வீடியோவுக்கு றாபியாவைத்தான் கேட்பார்கள். ஹாஷிமுடைய வீடியோ கடைக்கு அல்பம் ஒட்டும் வேலைக்குப் போனவள் அவள். பெண்களைப் பெண்தான் படம் எடுக்க வேண்டும் என்று கலியாண வீட்டார் கேட்கத் தொடங்கியபோது, ஹாஷிம் கமராவை அவள் கையில் கொடுத்தார். பிறகு அதைத் திருப்பி வாங்கவில்லை.

ஆண்கள் பக்கத்தில் கமராவுக்கு ஒருவர், லைட்டுக்கு ஒருவர், வயர் இழுக்க ஒருவர் நிற்பார்கள். நடுவில் கட்டிய திரையைத் தாண்டி அவர்களில் ஒருவரும் வர முடியாது. ஆகவே இந்தப் பக்கம் எல்லாமே றாபியா. ஏணியில் ஏறி லைட் கட்டுவதும் அவள், இறங்கி வந்து படம் எடுப்பதும் அவள். சம்பளம் மட்டும் ஒரு ஆளுடையது. அதுவும் ஆண்களுடையதைவிடக் குறைவு.

தம்புள்ளையில் ஒரு மண்டபத்தில் மணப்பெண் வரும் நேரம் லைட் ஒன்று சாய்ந்தது. நிமிர்த்த ஏறியவள் ஏணியோடு விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்த கடை ஆட்கள் திரைக்கு வெளியே நின்றபடி, என்ன உடைந்தது என்று கேட்டார்கள். உடைந்தது அவளுடைய வலது மணிக்கட்டு.

கடை ஆட்களுக்கு விபத்துக் காப்புறுதி இருப்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிக் கேட்டபோதுதான் அதில் தான் இல்லை என்று தெரிந்தது. உயரத்தில் ஏறுகிறவர்களுக்குக் கட்டணம் கூட, அதனால் ஏறுகிற ஆண்களை மட்டும் சேர்த்தேன் என்றார் ஹாஷிம். பெண்களுக்கு நடுவே, ஃபேனுக்குக் கீழே, கதிரையில் உட்கார்ந்து எடுக்கிற வேலையில் என்ன ஆபத்து என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காத இடத்தில் லைட் தானாகக் கூரைக்கு ஏறும் என்று நினைத்தாரா?

காப்புறுதியைப் புதுப்பிக்க முகவர் பிரதீஷ் கடைக்கு வந்த அன்று, கட்டுப் போட்ட கையோடு றாபியாவும் போனாள். இந்த முறை அவளையும் சேர்க்கச் சொன்னார் ஹாஷிம், ஆனால் கட்டணம் குறைய, கமரா மட்டும் பிடிக்கிறவள் என்று. றாபியா குறுக்கிட்டு, தான் செய்வது அத்தனையையும் சொன்னாள். அப்படியானால் ஆண்களுக்குக் கட்டுகிற அதே கட்டணம்தான் என்றான் பிரதீஷ். இப்படிக் கட்டினால் கலியாண ரேட்டைக் கூட்ட வேண்டும், கூட்டினால் சனம் அடுத்த கடைக்குப் போகும் என்று ஹாஷிம் புலம்பினார். கடைசியில் ஒப்புக்கொண்டு, அவள் நன்றி சொல்வாள் என்று பார்த்தார்.

"இப்ப விழுந்ததுக்கு?" என்றாள் றாபியா.

"அதுக்கு இது செல்லாதுங்க அக்கா," என்றான் பிரதீஷ். பிறகு ஹாஷிமைப் பார்க்காமலே சொன்னான்: "ஆனா காப்புறுதி இல்லாட்டியும், வேலையில அடிபட்டா முதலாளிதாங்க பொறுப்பு. சட்டம் அப்படித்தான்."

ஹாஷிம் சிரித்தார். "எங்களுக்குள்ள என்ன சட்டம்? றாபியா எனக்குத் தங்கச்சி மாதிரி. நோன்புல ஸக்காத் குடுக்கக்குள்ள அவள மறப்பேனா?"

றாபியா கட்டுப் போட்ட கையை அவருக்கு முன்னால் நீட்டினாள். வேலை செய்து உடைத்துக்கொண்ட கைக்கு ஏழை வரிதானா?

"தங்கச்சி விழுந்தா ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்திருப்பீங்க, ஹாஷிம் நானா. நீங்க வரல்ல. ஸக்காத்த இல்லாதவங்களுக்குக் குடுங்க. நான் ஒங்கட கடையில வேல செஞ்சவ. அதுக்குரியதத் தாங்க."

நோன்பு வரட்டும் பார்ப்போம் என்றார் அவர்.

அடுத்த நாள் றாபியா மாத்தளைக்குப் பஸ் ஏறி, தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள். அங்கிருந்து கடைக்குப் போன் போக, அன்று பின்னேரமே ஹாஷிமின் மனைவி போனில் வந்து, ஊருக்குள் கடையின் பேர் கெடுகிறதே, முறைப்பாட்டைத் திரும்ப எடுத்துவிடு என்று நெடுநேரம் கெஞ்சினாள். றாபியா முழுவதையும் கேட்டாள். கைக்கு ஆன செலவும் வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளமும் வந்து சேர்ந்த அன்றே எடுப்பதாகச் சொல்லிவிட்டு, போனை வைத்தாள்.