கழற்றி வைத்த கறுப்புப் பெட்டி

கனடாவின் விட்பி நகரில் ஒரு தமிழரிடம், காட்டுப் பாதையில் ஓடுகிற பழைய மூன்று சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். மார்க்கம் நகரில் இருக்கும் என் கராஜில் ஒரு கிழமையாகத் திருத்தியும் அது ஸ்டார்ட் ஆகவில்லை. விற்றவரோ ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "ஓடுதோ? ஆர் ஓடப்போறது?" என்று விசாரித்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சீற்றைக் கழற்றிப் பார்த்தேன். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற சின்னக் கறுப்புப் பெட்டியைக் காணவில்லை. கோபத்தில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, சாமானைக் களவா எடுத்துப்போட்டே வித்தனீங்கள்?"

"ஓம், நான்தான் கழற்றினனான். உது திருப்பத்தில டக்கெண்டு பிரண்டிடும். என்ர தம்பி உதுக்குக் கீழ நசிஞ்சுதான் செத்தவன். வைச்சிருக்கவும் ஏலேல்லை, ஆர் ஓடுறதெண்டு தெரியாமல் குடுக்கவும் மனம் வரேல்லை." பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். "சொல்லுங்கோ, ஆர் ஓடப்போறது?"

என் பதின்மூன்று வயது மகளுக்காகத்தான் அதை வாங்கியிருந்தேன்.

"ஒருத்தரும் ஓடமாட்டினம் அண்ணை. திருத்துற ஆசையில வாங்கினது," என்றேன்.

அவர் மறுகேள்வி கேட்காமல் பெட்டியைத் தந்தார். அவரைக் கள்ளன் என்று நினைத்து வந்த எனக்கு, அவர் என்னை நம்பியதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வண்டியைத் திருத்தி முடித்தேன். மகளை இன்றுவரை அதில் ஏற்றவில்லை.