மூஞ்சியில் களை

இரும்புலியூர்ப் பூங்காவில் காலை நடைக்கு வருபவர்களில் அவர் ஒருவர்தான் குனிந்து குனிந்து நடப்பார். கட்டையான உருவம், மடித்துக் கட்டிய வேட்டி. ஒரு காலத்தில் நெல் பயிரிட்டவர். நடைபாதை ஓரம் களை தென்பட்டால் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய் வந்தவரிடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“மான் பண்ணைக்கு இட்டுகினு போனான் சார். கொம்பு கோணலா கீற மானை சுட்டுடறாங்க. இன்னாடா இதுன்னா, ‘நீ களை எடுக்கற மாதிரிதாம்பா, நல்ல கொம்பு மட்டும் பெருகணும்’ன்றான்.”

“அப்ப நல்ல கொம்பு மான் பொழச்சுக்குமா?”

“எங்க சார்? கொம்பு பெருசானதும் வேட்டைக்கு வர்றவனுங்க பணம் கட்டி அதையும் சுட்டு, தலைய செவுத்துல மாட்டிக்கிறானுங்க.”

சற்று தூரம் நடந்தார். “கோணக்கொம்பு ஒண்ணு என்னையே பாத்துகினு நின்னுச்சு சார். மூஞ்சில இன்னா களை தெரியுமா!”

சொல்லிவிட்டு, வழக்கம்போலக் குனிந்து ஒரு கோரைப்புல்லைப் பிடுங்கினார். எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டே இன்னொரு சுற்று நடந்தார். அதை எங்கே போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.