நான்காம் நாள் நித்திரை

என் மகள் முப்பத்தைந்தாம் கிழமையிலேயே, ஐந்து வாரம் முந்தி, பிறந்துவிட்டாள். பார்த்தால் குறைமாதக் குழந்தை என்று யாரும் சொல்லமாட்டார்கள். உருண்டைக் கன்னம், தலை நிறைய முடி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நிலாவெளி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நான்காம் நாள் அவள் நித்திரையாகவே கிடந்தாள்.

"அழாத பிள்ளை. நாங்கள் குடுத்துவைச்சனாங்கள்" என்றார் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பத்து மணிபோல, பிறந்த பிள்ளைகளை வீடு தேடி வந்து பார்க்கும் எங்கள் பகுதி மருத்துவமாது வந்தார். குழந்தையின் மூக்கு நுனியை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். அந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தது.

"விடிஞ்சதிலயிருந்து எத்தினை தரம் பால் குடிச்சவ?"

"ஒருக்காவும் இல்லை மிஸ். எழுப்பினாலும் எழும்புறா இல்லை."

அவர் முகம் மாறியது. "உடம்பு குளிர்ந்துபோச்சு. நெஞ்சோட அணைச்சு, மேலால துணியைப் போர்த்துங்கோ. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

பக்கத்து வீட்டு ஓட்டோவில் அவரும் எங்களோடு ஏறிக்கொண்டார். உப்புவெளியைத் தாண்டும்போது, என் நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்த சிறு மூச்சு நின்றது. நான் கத்துவதற்குள் அவர் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். இன்னொரு தரம் சுண்டினார். மகள் விக்கியதுபோல மூச்சை இழுத்தாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் குதிகாலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். சீனி மிகவும் குறைந்து, மஞ்சள் காமாலை கூடியிருந்தது. கையில் சேலைன் ஏற்றி, கண்ணைத் துணியால் மூடி, நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். ஓட்டோவில் பிள்ளை மூச்சு விட மறந்துவிட்டாள் என்றார்கள். பின்னேரம் அவள் நிறம் கொஞ்சம் தேறியது. பயம் தணிந்ததும் எனக்குள் கேள்விகள் வரத் தொடங்கின.

"மூச்சு விட ஆராவது மறப்பினமோ, டொக்டர்?"

மகளைப் பார்க்க வந்த இளம் பெண் டொக்டர் சிரிக்கவில்லை. "ஓம், இந்தப் பிள்ளையள் மறக்குங்கள். வெளியால வளர்ந்த மாதிரித் தெரியும். மூளை இன்னும் பழகி முடியேல்லை. பால் உறிஞ்சவும் களைச்சுப்போங்கள். நாங்கள் நித்திரை எண்டு நினைப்பம். அது சோர்வு."

"இந்த நீல வெளிச்சம் என்ன செய்யும்?"

"தோலில இருக்கிற மஞ்சளை மாத்தி, மலத்தோடயும் சலத்தோடயும் போகப் பண்ணும்."

அதன்பிறகு நனைந்த ஒவ்வொரு துணியையும் ஜன்னலடியில் விரித்து நிறம் பார்த்தேன். "இதென்ன ஆராய்ச்சி?" என்று கேட்ட கணவரும் பிறகு எட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

தாய்ப்பாலைக் கறந்து சின்னக் கோப்பையால் கொடுத்தோம். அவள் பூனைக்குட்டிபோல நாக்கை நீட்டி நக்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் மத்தியானம், யாரும் தொடாமலே விழித்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திடுக்கிட்டு எழும்பும்படி வீரிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்கச் சொன்னார்கள். நானும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்தேன். இரண்டாவது மணித்தியாலத்திலேயே அவள் எங்களை எழுப்பினாள்.