பத்துப் பேருக்கு ஒரே பவர்

என் வேலை துணி பார்ப்பது. ஆந்திர எல்லையில், நகரியில் ஒரு பவர்லூம் செட். பதினாறு தறி. தறியிலிருந்து இறங்குகிற துணியை மேஜைமேல் விரித்து மீட்டர் மீட்டராக இழுத்துப் பார்க்க வேண்டும். இழை அறுந்த இடம், எண்ணெய் பட்ட இடம், நூல் தடித்த இடம் எல்லாவற்றுக்கும் டேமேஜ் என்றுதான் பெயர். டேமேஜ் உள்ள இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவேன். நெய்தவருக்குக் கூலியில் பிடிப்பார்கள். அதனால் என்னை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மூன்றாவது வரைக்கும் படித்தேன், தமிழில். தெலுங்கு எழுத்து பஸ் போர்டு பார்த்துப் பார்த்துத் தானாக வந்தது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். வேறு சொத்து கிடையாது. கண் மட்டும் நல்ல கண்.

ஒருநாள் காலையில் சித்தூரிலிருந்து கண் பார்க்கிற வேன் வந்தது. இலவசம். கண்ணாடியும் இலவசம். முதலாளி தறிகளை நிறுத்தச் சொன்னார். தறி நின்றால் எங்களுக்குக் காது கூசும். காதைத் தேய்த்துக்கொண்டே வரிசையில் நின்றோம். முதல் ஆள் மேஸ்திரி. எங்களை எல்லாம் வேலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவருக்குப் பின்னால் அவர் மச்சான். பிறகு தறி ஓட்டுகிற மூன்று பேர். பிறகு நான். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். கடைசியில் முதலாளி.

சுவரில் ஓர் அட்டை தொங்கியது. தெலுங்கு எழுத்து. மேலே பெரிதாக, கீழே வரவரப் பொடியாக. வேனில் வந்த பெண் குச்சியால் தொட்டுக் காட்டினாள்.

மேஸ்திரிக்குத் தெலுங்கில் பேச வரும், சண்டை போட வரும், பாடக்கூட வரும். எழுத்து வராது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்போம். அவர் அட்டையைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தார்.

"மங்கலா கீது," என்றார்.

மேலே இருந்த எழுத்து உள்ளங்கை அகலம். அதுகூடவா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"மொத்தமும் மங்கல். பொகை மாதிரி."

மச்சான் பத்தாவது வரை தெலுங்கில் படித்தவர். அவர் அட்டையைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். "எனுக்கும் மங்கல்," என்றார். அடுத்த மூன்று பேரும் மங்கல். மூன்றாவது ஆள் குச்சி அட்டையைத் தொடும் முன்பே சொல்லிவிட்டான்.

என் முறை. எனக்குக் கடைசி வரி தெரிந்தது. அதற்குக் கீழே அச்சடித்தவன் போட்ட பொடி எழுத்தும் தெரிந்தது. அட்டையின் ஓரத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். முன்னால் போன ஐந்து பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மங்கல்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயம் என்று சொல்ல முடியாது. யாரும் மிரட்டவில்லை. ஐந்து பேர் சொன்ன சொல் என் வாயில் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பி அனுப்ப எனக்குத் தெம்பு இல்லை.

பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். முதலாளியும் சொன்னார். அவர் தினமும் தெலுங்குப் பேப்பர் படிக்கிறவர்.

அந்தப் பெண் பத்துப் பேருக்கும் ஒரே நம்பரை எழுதினாள். இந்த ஊர்த் தண்ணியில் ஏதோ கோளாறு என்று டிரைவரிடம் தெலுங்கில் சொன்னாள். நாங்கள் கொடுத்த தண்ணீரை அவர்கள் தொடவில்லை.

கொஞ்ச நாளில் கண்ணாடி வந்தது. ஒரே கறுப்பு பிரேம், ஒரே பவர். யாருடையது யாருக்கு என்று பார்க்கிற வேலையே இல்லை.

போட்டதும் தரை தள்ளிப் போய்விட்டது. தண்ணீரில் இறங்குகிற மாதிரி காலைத் தூக்கி, தேடி வைத்தோம். மேஸ்திரி தறிக்குத் தறி அப்படி நடந்தார். நாங்களும் அப்படியே நடந்தோம்.

"இன்னாடா, எப்டி கீது?" என்றார் மேஸ்திரி.

"சூப்பரா கீது மாமா. நூலு நூலா தெரியுது," என்று சொல்லிக்கொண்டே ஒருவன் கம்பத்தில் இடித்துக்கொண்டான்.

மதியத்துக்குள் எல்லாருக்கும் தலைவலி. யாரும் கழட்டவில்லை. ஒருவர் கழட்டியிருந்தால் எல்லாரும் கழட்டியிருப்போம்.

வேன் வந்த அன்று நூல் சுற்றுகிறவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். செட்டில் கண்ணாடி இல்லாதவள் அவள் ஒருத்திதான். "எனுக்கு மட்டும் இன்னா கொறை?" என்று இரண்டு நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பதி போனாள். அலிபிரியில் நடைபாதைக் கடையில் அதே மாதிரி கறுப்பு பிரேம் வாங்கி வந்தாள். வெறும் கண்ணாடி, பவர் இல்லை. அவளுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை அவளும் காலைத் தூக்கித் தூக்கித் தேடி வைத்தாள். சாயந்திரம் தலைவலி மாத்திரை கேட்டாள்.

கண்ணாடி போட்டால் எனக்குத் துணி மேகமாகத் தெரிந்தது. தறி ஓட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான். இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தது. முதல் வாரம் நான் கண்ணாடியைக் கழட்டி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மேஸ்திரியே ஓட்டுகிற இரண்டு தறியின் துணியில் பதினொரு வட்டம் போட்டேன்.

மேஸ்திரி வந்து குனிந்தார்.

"இன்னாம்மா, கோலம் போட்டு வெச்சிக்கிற?"

"டேமேஜ்."

"எங்க?"

"வட்டத்துக்குள்ள."

"ஒண்ணியும் காணமே. டேய், இங்க வா. உனுக்கு இன்னா தெரியுது?"

மச்சான் வந்து பார்த்தார். "வட்டம் தெரியுது மாமா."

எல்லாரும் கூடிவிட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. நூல் சுற்றுகிறவளும் வந்தாள். அவளுக்குத் தெரிந்தது. வட்டத்தைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது அக்கா," என்றாள்.

முதலாளி வந்தார். குனிந்தபோது அவர் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கித் துணிமேல் விழுந்தது. ஒரு நொடி அவர் முகம் மாறியது. பார்த்துவிட்டார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏமி லேது. ஒண்ணும் இல்ல. நீ கண்ணாடி போட்டுக்கினு பாரும்மா. போடாம பாத்தா ஏதேதோ தெரியத்தான் செய்யும்."

போட்டேன்.

"இப்போ?"

"இல்ல."

"அப்டி சொல்லு."

மேஸ்திரி துண்டு நுனியால் பதினொரு வட்டத்தையும் அழித்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் வட்டமே போடவில்லை. சாக்பீஸ் தேயவே இல்லை. எல்லாருக்கும் என்னைப் பிடித்துப்போனது. டீ வாங்கித் தந்தார்கள். மச்சான் ஒருநாள் வடையும் வாங்கித் தந்தார்.

பிறகு திருப்பதி வியாபாரி மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பினார். முதலாளி போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து என்னிடம் வந்தார்.

"நீதான பாத்த? நாளைக்கு மூட்டைய எடுத்துக்கினு போ. அவுரு இனிமேட்டு நம்ம துணிய எடுக்கறேன்னு சொன்னா வேலைக்கு வா. இல்லன்னா வூட்லயே இரு."

மேஸ்திரியும் கூட வந்தார். மூட்டையோடு பஸ் ஏறினோம். புத்தூர் தாண்டியதும், "அங்க நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்," என்றார்.

வியாபாரி வயதானவர். கண்ணாடி போடாதவர். துணியை மடியில் விரித்து, ஓர் ஓட்டையில் விரலை விட்டு ஆட்டினார். இது என்ன என்று தெலுங்கில் கேட்டார். மேஸ்திரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நன்றாகப் பார்த்தார்.

"மீ வேலு," என்றார். உங்கள் விரல்.

வியாபாரி விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். நீ சொல் என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். இந்த முறை ஐந்து பேர் இல்லை, ஒருவர்தான். அதுவும் அந்தக் கண்ணாடிக்குள் என் முகம் அவருக்கு மேகமாகத்தான் இருந்திருக்கும். நான் என் கண்ணாடியைக் கழட்டினேன். துணியைக் கடைசி வரை இழுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். பதினேழு. வியாபாரியும் கூடவே எண்ணினார். ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டி, பதினெட்டு என்றார்.

"அது ஈ," என்றேன்.

பறந்தது.

அவர் சிரிக்கவில்லை. இந்த அம்மா கண்ணாடி இல்லாமல் பார்த்த துணி மட்டும் வரட்டும், எடுத்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரியிடமே சொல்லி அனுப்பினார். மேஸ்திரி அதை ஒரு சொல் குறையாமல் முதலாளியிடம் சொன்னார். அதில் அவர் நேர்மையான ஆள்.

வேலை தப்பியது. ஆனால் மேஸ்திரிக்குக் கோபம் வந்து கிளம்பினால் தறி ஓட்டுகிற எல்லாரும் கூடக் கிளம்புவார்கள். முதலாளி ஒரு காலைப்பொழுது முழுக்க யோசித்தார்.

"பதினாலு தறி துணிய கண்ணாடி இல்லாம பாரு. மேஸ்திரி தறி ரெண்ட மட்டும் கண்ணாடி போட்டுக்கினு பாரு," என்றார்.

"சரி," என்றேன்.

அப்படியே செய்தேன். பதினான்கு தறித் துணியில் வட்டம் போட்டது தனியாகப் பிரிந்து, நல்லது திருப்பதி போனது. கூலி பிடித்ததும் தறிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழட்டினார்கள். மேஸ்திரி தறித் துணி வந்தால் நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இழுத்து, மடித்து வைத்தேன். அதில் ஒரு டேமேஜும் இல்லை. அது ஏர்பேடு சந்தையில் மலிவு விலைக்குக் குவியலாகப் போனது.

எல்லாரும் கழட்டிய வாரம் மச்சானும் கழட்டினார். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் நின்றார். "அக்கா, வர்றது எந்த பஸ்ஸு?" என்றார். போர்டு எதிரிலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு வரிசையில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"உனுக்கு நெஜமாவே வேணும். எடுத்துப் போட்டுக்கோ," என்றேன்.

"எல்லாரும் கழட்டிட்டாங்களே அக்கா," என்றார்.

மேஸ்திரி மட்டும் கழட்டவில்லை. அவரை நேராகக் கேலி செய்ய யாருக்கும் துணிச்சல் இல்லை. தறிச் சத்தத்தில் கத்தினார்கள்.

"ஏர்பேட்டுல ஒரு துணிய மாட்டுக்குப் போத்தறாங்களாம்! ரொம்ப நல்ல துணியாம்!"

அன்று சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி மேஜைக்கு வந்தார். அவர் தறித் துணி விரித்திருந்தது. என் மூக்கில் கண்ணாடி இருந்தது.

"இன்னிக்கு கழட்டிட்டுப் பாரு," என்றார்.

"மொதலாளி சொல்லணும்."

முதலாளி ரூம் பக்கம் போனார். கதவு வரை போய் நின்றார். கேட்காமலே திரும்பி வந்தார்.

"சும்மா பாரேம்மா. நாந்தான சொல்றேன்."

கழட்டினேன். துணி முழுக்கப் பார்த்தேன்.

"ஒம்பது."

சாக்பீஸை எடுத்தேன்.

"வட்டம் போடவா?"

"போடு."

போட்டேன். அவர் தன் கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப் பையில் வைத்தார். குனிந்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நகத்தை வைத்தார்.

"இங்க ஒண்ணு உட்டுட்ட."

பார்த்தேன். ஒரே ஓர் இழை. சரிதான், விட்டிருந்தேன். அங்கேயும் வட்டம் போட்டேன்.