திங்கட்கிழமையே பால் காய்ச்சிய வீடு

முப்பத்தோராம் திகதி, திங்கட்கிழமை. ரொறன்ரோ வோபர்னில் நான் வாடகைக்கு எடுத்த நிலத்தடி பேஸ்மென்ற் வீட்டில் பெட்டிகளுடன் நிற்கிறேன். ஒப்பந்தம் நாளைதான் தொடங்குகிறது. செவ்வாயில் குடிபுகக் கூடாதென்று வீட்டுக்கார அன்ரி இன்றே வரச்சொன்னதால் ஹோட்டல் அறையைக் காலையில் விட்டுவிட்டேன். உள்ளே, பழைய வாடகைக்காரரான பஞ்சாபி மாணவர் இன்னும் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறார். பால் காய்ச்சத் தன் சட்டியைக் கழுவித் தருகிறார். பால் பொங்குகிறது; அவருக்கும் ஒரு குவளை கொடுக்கிறேன்.

“இரவைக்கு நான் எங்கை படுக்கிறது, அன்ரி? இவர் நாளைக்குத்தானே போறார்?”

“பால் பொங்கீற்றுது, இனி வீடு உம்மடை. ஆளை நீர்தான் சமாளிக்கோணும்,” என்று சிரித்தபடி அன்ரி மேலே ஏறுகிறார்.

அதை மாணவருக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன். பால் குவளையைக் கீழே வைத்துவிட்டு, இன்றிரவு இங்கே தங்கலாமா என்று அவர் என்னிடம் அனுமதி கேட்கிறார்.