மெம்பர் ஜெயஸ்ரீயும் நெத்திலி மணலும்

ஜெயஸ்ரீ என்ற பெயரைக் குப்பம்மா முதன்முதலில் கேட்டது மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. அண்ணன் மகன் பொன்ராஜுக்கு எண்ணூர்ப் பக்கம் பெண் பார்த்திருப்பதாகச் சேதி வந்தது.

"பேரு டீச்சரம்மா பேரு மாதிரி கீதே. இவ மணல்ல குந்திக்கினு நெத்திலி கெளறுவாளா?" என்று சிரித்தாள்.

வந்தவள் கிளறினாள். மாமியார் விட்டுப்போன இடத்திலேயே, குப்பம்மாவுக்குப் பக்கத்தில். அப்புறம் மாநகராட்சித் தேர்தலில் அந்த ஊர் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஊர் கூடி அவளை நிறுத்தியது. ஜெயித்தது அவள், கவுன்சிலர் ஆனது பொன்ராஜ். போன் அவனிடம், பேச்சு அவனிடம், மாலையும் அவன் கழுத்தில்.

போன ஆடியில் மாநகராட்சியிலிருந்து ஒரு திட்டப் படம் வந்தது. கடற்கரையை அழகுபடுத்தப் போகிறார்களாம். நடைபாதை, புல்தரை, குடை, குடைக்கடியில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஒருவன் படுத்திருந்தான். அவன் படுத்திருந்தது நெத்திலி காயும் மணல்.

ஊர்த் தலைவர் மாரியப்பன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை; கவுன்சிலரானாலும் அப்படித்தான். ஜெயஸ்ரீயும் குப்பம்மாவும் குழாயடியில் நின்று கேட்டார்கள். வலை பின்னக் கூடம் கட்டித் தருவார்கள் என்றதும் ஆண்கள் தலையாட்டிவிட்டார்கள். மாநகராட்சி மண்டலக் கூட்டத்தில் வார்டு மெம்பர் எழுந்து ஆட்சேபணை இல்லை என்று சொன்னால் போதும்.

"அத்த, மீன எங்க காயவெக்கிறது?" என்றாள் ஜெயஸ்ரீ.

"என்னக் கேக்கறே? உன் புருஷன்தான கவுன்சிலரு."

சொன்னதுமே குப்பம்மாவுக்கு வாய் கசந்தது. ஊர்ப் பேச்சை மீறினால் ஊர் விலக்கு. படகு தள்ள ஒரு கை வராது. குப்பம்மாவின் சித்தப்பாவுக்கு அப்படி நடந்தது. அவர் பாடையைத் தூக்க வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள்.

கூட்டத்தன்று குப்பம்மாவும் கூடப் போனாள். பொன்ராஜ் வெள்ளைச் சட்டையில் முன்னால் நடந்தான். மண்டல ஆபீஸ் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"மெம்பர் மட்டுந்தான். புது ஆர்டரு."

"நான்தான்யா மெம்பரு!"

"அப்ப பொடவ கட்டினு வா நைனா, வுடறேன்."

ஜெயஸ்ரீ தனியாக உள்ளே போனாள். பொன்ராஜ் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா அத்த பேசறா? ஒண்ணும் கேக்கலியே."

"குழாயடியிலயும் அப்டித்தான்டா கேக்கும்."

மைக் கரகரத்தது. "எங்க ஊர் சார்பா..." என்ற ஜெயஸ்ரீயின் குரல் நின்றுபோனது. குப்பம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஆட்சேபணை கீதுங்க. அந்த மணல்ல மீன் காயவெக்கிறவங்கள யாரும் கேக்கல. நானும் அதுல ஒருத்தி. வந்து கேட்டுட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க."

பொன்ராஜ் கதவிலிருந்து காதை எடுத்தான். "போச்சு அத்த. என் படகு போச்சு."

குப்பம்மாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தைரியம் வரவில்லை.

திட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே குப்பம்மா எழுந்து ரோட்டைப் பார்க்கிறாள். பொன்ராஜின் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அவன் காசிமேட்டில் யாருடைய விசைப்படகிலோ கூலிக்குப் போகிறான். அந்த வீட்டோடு பேசினால் அபராதம் என்று ஊர் சொல்லியிருப்பதால், குப்பம்மா நெத்திலியைப் பார்த்துக்கொண்டே ஜெயஸ்ரீயிடம் பேசுகிறாள்.

ஜெயஸ்ரீ இன்னும் கவுன்சிலர்தான். காலையில் போனால் மணலில், மாமியார் விட்டுப்போன இடத்தில் இருக்கிறாள்.