காய்ந்த துடுப்பு

ஏரி நிரம்பும் வருடங்களில் ஞாயிறுதோறும் நானும் மனைவியும் படகு வலிக்கப் போவோம். ஆம்பூரில் வாரம் முழுக்க ஷூ தைத்த கைகளோடு அவள் முன்னால் உட்காருவாள். பின்னால் இருப்பவன் செய்வது அவளுக்குத் தெரியாது. நான் துடுப்பை மடியில் கிடத்திவிட்டு, "இன்னாடி, சாப்பிடலயா? நான் ஒருத்தனே வலிக்கிறேன்" என்பேன். அவள் மூச்சிரைக்க வலிப்பாள். கரையில் நண்பர்கள் சிரிப்பார்கள். தன் கையில்தான் பலமில்லை என்று பல வருடம் நம்பினாள்.

ஒருநாள் இறங்கும்போது என் துடுப்பை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சி கெடக்குதே" என்றாள்.

அப்போதும் நான் சிரித்தேன்.

அதன்பின் அவள் சாகும்வரை படகில் ஏறவில்லை. நான் இன்னும் போகிறேன். முன்பாரம் இல்லாமல் படகு மூக்கைத் தூக்குகிறது என்று அவள் இடத்தில் ஒரு கருங்கல்லை வைத்திருக்கிறேன்.